பச்சை மொட்டு வைத்த சரம்

இன்னும் பிறக்காத என் பிள்ளைக்கு,

இதை நீ படிக்கும்போது உனக்கு என்னைவிட அதிக வயது ஆகியிருக்கும். எனக்கு இப்போது பதினாறு. பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறையில் இருக்கிறேன். பிள்ளை, குட்டி என்று நான் யோசிப்பது தெரிந்தால் அம்மா விளக்குமாற்றைத் தேடுவாள். ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன். இன்று ராத்திரி, உயிரோடு இருக்கிற யாரிடமும் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. பெற்றவர்கள் வளர்ந்த பிள்ளைகளுக்கு எழுதுகிற கடிதங்களைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அந்த அப்பாக்களும் அம்மாக்களும் மிகவும் நிதானமாக இருக்கிறார்கள். பயமெல்லாம் தீர்ந்து, எது சரி எது தப்பு என்று முடிவான பிறகுதான் பேனாவை எடுக்கிறார்கள். நான் அப்படி ஆவதற்குள் எனக்கு இது மறந்துபோகும். அதனால் பயம் இருக்கும்போதே எழுதுகிறேன். டைப்ரைட்டிங் கிளாஸில் அடித்துப் பழகிய தாள்களின் பின்பக்கத்தில், ஜன்னல் வழியாக வருகிற தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாளைக் காலையில் எங்கள் ஊர்க் கருப்பசாமி கோயிலில் என் அம்மா சூடம் அணைத்துச் சத்தியம் செய்யப் போகிறாள். உன் காலத்தில் இது இருக்குமோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். ஒருவர் மேல் ஒரு பழி வந்து, அதற்குச் சாட்சி எதுவும் இல்லையென்றால், சாமி முன்னால் சூடத்தை ஏற்றி, "நான் செய்யவில்லை" என்று சொல்லி, எரிகிற சூடத்தை வெறுங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அதற்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். சொன்னது பொய்யென்றால் சாமி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுவார்கள். என் வீட்டில் கட்டிய பூவில் ஒரு பச்சை மொட்டுகூட இல்லை என்று சொல்லி அம்மா அணைக்கப் போகிறாள். அவள் அதை முழுதாக நம்புகிறாள். ஆனால் அது பொய். அந்த மொட்டுகளை வைத்தது நான்.

பூவைப் பற்றி முதலில் சொன்னால்தான் உனக்குப் புரியும். பூ எங்களுடையது அல்ல. திருமங்கலம் பஸ் ஸ்டாண்ட் வாசலில் கடை வைத்திருக்கும் பேச்சி அத்தையுடையது. சொந்த அத்தை இல்லை, ஊரே அப்படிக் கூப்பிடுகிறது. அவர் மதுரை மார்க்கெட்டில் விடியற்காலையில் மல்லிகை மொட்டு வாங்கி, எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் ஈரச்சாக்கில் போட்டு அனுப்புவார். அம்மா அதை வாங்கி வந்து நனைத்த வேட்டியின் மேல் கொட்டுவாள். முதல் வேலை கழிப்பது. புழு தின்றது, சிவந்தது, காம்பு ஒடிந்தது எல்லாம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே பச்சை மொட்டு போக வேண்டும். பச்சை மொட்டு என்றால் ஒருநாள் முந்திப் பறித்துவிட்ட மொட்டு. சின்னதாக, இறுக்கமாக, நுனியில் லேசாகப் பச்சை ஓடியிருக்கும். நல்ல மொட்டு அன்று சாயங்காலமே விரியும். இது விரியாது. பூ கட்டுகிறவர்களுக்கு இது சோற்றில் கிடக்கும் கல் மாதிரி. கழித்ததெல்லாம் முறத்தில் சேர்ந்து ஆட்டுக்குப் போகும். மிச்சத்தை அம்மாவும் நானும் நாரில் கட்டிச் சரமாக்கி மூன்று மணி பஸ்ஸில் திருப்பி அனுப்புவோம். அந்தக் கூலியில்தான் என் டைப்ரைட்டிங் கிளாஸும் பஸ்ஸும் செருப்பும்.

எங்கள் வீட்டில் சும்மா இருக்கிறவர்கள் யாரும் இல்லை. ஆனால் ஒரு பயனும் பார்க்காமல் சும்மா ஒன்றைச் செய்கிறவர்கள் உண்டு. அதை நான் இந்த விடுமுறையில்தான் கவனித்தேன். அம்மா ஓயாமல் திட்டுவாள். ஆனால் ஒருமுறை திட்டியதை மறுமுறை திட்டி நான் கேட்டதில்லை. நான் வெளியே பராக்குப் பார்த்தால், "பஞ்சரான பஸ்ஸுக்கு விசில் ஊதுறவளே, கையப் பாருடி" என்பாள். அப்பா சாப்பிட்ட தட்டிலேயே கை கழுவினால், "கொளத்துக்குள்ள கொளம் வெட்டுறாரு எஞ்சினியரு" என்பாள். பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சிரிக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்து வைப்பாயா என்று ஒருநாள் கேட்டேன். "ஆமா, விடிய விடிய மனப்பாடம் பண்றேன். நாளைக்கு எனக்குத்தான பரீச்ச" என்றாள். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார். தெருமுனை திரும்பும்போது ஹார்ன் அடிப்பார். அது எந்தப் பாட்டும் இல்லை. ஒருநாள் அடித்த மாதிரி இன்னொரு நாள் அடிக்க மாட்டார். எதிர்வீட்டு நாய் ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்கும். இரண்டு பேரிடமும் கேட்டால் தாங்கள் எதையும் செய்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே.

விடுமுறை தொடங்கியிருந்தது. ஒருநாள் கழித்துப் போட்ட முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரியாத மொட்டை விரிகிற மொட்டுக்கு நடுவில் வைத்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு காரணமும் இல்லை. ஒரு சாண் நாரில் கட்டி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். மத்தியானம் பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளை. கூர்ந்து பார்த்தாலொழிய எது எது என்று தெரியாது. சாயங்காலம் திரும்பிப் பார்த்தபோது சுற்றிலும் பூக்கள் வாயைத் திறந்து நிற்க, நடுநடுவே பச்சை மொட்டுகள் மட்டும் குண்டூசித் தலைபோல இறுகி நின்றன. மத்தியானம் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. நான்தான் கட்டினேன். ஆனால் நான் பார்க்காதபோது அது தானாக வந்து நின்றது.

அப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. நல்ல மொட்டிலேயே வேறுபாடு இருப்பதைக் கண்டுபிடித்தேன். நுனி தளர்ந்து கொழுத்த மொட்டு முதலில் திறக்கும். கொஞ்சம் மெலிந்தது இருட்டும்போது திறக்கும். பச்சை திறக்கவே திறக்காது. அப்படியென்றால் ஒரு சரம் ஐந்து மணிக்கு ஒன்றாக, ஆறரைக்கு இன்னொன்றாக, எட்டு மணிக்கு வேறொன்றாக இருக்க முடியும். யோசித்துப் பார். விடியுமுன் செடியிலிருந்து பறித்து, சாக்கில் கட்டி, மார்க்கெட்டில் கொட்டி, பஸ்ஸில் குலுங்கி, வேட்டியில் உருண்டு, நாரில் இறுகி, யாரோ ஒருத்தி தலையில் ஏறின பிறகும், தான் எந்த நேரத்தில் விரிய வேண்டும் என்று அந்தச் சின்ன மொட்டுக்குத் தெரிகிறது. வேர் இல்லை, செடி இல்லை, வெளிச்சம் காட்ட ஆள் இல்லை. எப்படித் தெரிகிறது? தாவரவியல் புத்தகத்தில் இதற்கு விடை இருக்கலாம். விடை தெரிந்தாலும் எனக்கு ஆச்சரியம் குறையாது என்று நினைக்கிறேன்.

கடைக்குப் போகிற பூவில் தினமும் ஒரே ஒரு சரத்தை மட்டும் இப்படிக் கட்டினேன். முதலில் பச்சை மொட்டுகளை நெருக்கமாகவும், பிறகு விலகி விலகியும் வைப்பேன். அம்மா கட்டுகிற வேகத்தில் என் பக்கம் திரும்ப மாட்டாள். அந்தச் சரத்தை யார் வாங்குவார்கள், எங்கே போய் விரியும் என்று எனக்குத் தெரியாது. வாங்கினவர்களுக்கும் தெரியாது. தலைக்குப் பின்னால் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்? மறுநாள் காலையில் வாடிக் குப்பையில் கிடக்கும். இதனால் எனக்கு ஒரு பைசா வராது, ஒருவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போவதில்லை. அப்படியிருந்தும் அந்த ஒரு சரத்தைக் கட்டும்போது, பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியபோதுகூட இல்லாத ஒன்று நெஞ்சுக்குள் ஓடியது. அதை உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் இவ்வளவு நேரமாகப் பார்க்கிறேன்.

ஒருநாள் அதை நேரிலேயே பார்த்துவிட்டேன். கிளாஸ் முடிந்து திருமங்கலத்திலிருந்து வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஏறினேன். ரயில்வே கேட் மூடிவிட்டது. முன்சீட்டில் ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மில் அடையாள அட்டை, மடியில் தூக்குவாளி. தலையில் பேச்சி அத்தை கடைப் பூ. அது என் சரம்தான் என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பின்னால் சீட் காலியாக இருந்தும் நான் அவர் பின்னாலேயே கம்பியைப் பிடித்து நின்றேன். கண்டக்டர், "ஏ பாப்பா, பின்னாடி அம்புட்டு எடம் கெடக்கு. அங்க என்ன பொதையலா இருக்கு?" என்று கேட்டார். பஸ் சிரித்தது. நான் நகரவில்லை.

கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது. பஸ்ஸுக்குள் வெக்கை. அந்த வெக்கையில் மொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நெகிழ்ந்தன. விரிவது கண்ணுக்குத் தெரியாது. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்த்து, திரும்ப முதலாவதற்கு வந்தால் அது திறந்திருக்கும். நான் கட்டியது ஒரே நேர்க்கோடு. ஆனால் அந்த அக்கா சரத்தை மூன்றாக மடித்துச் செருகியிருந்தார். மேல் மடிப்பில் விரியாத மொட்டுகள் விட்ட இடைவெளியும், நடு மடிப்பில் இருந்ததும், கீழே இருந்ததும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, குளத்தில் கல் போட்டால் எழுகிற வளையங்களில் பாதியை யாரோ தலையில் வைத்ததுபோல் வளைந்து வளைந்து நின்றது. நான் அப்படி நினைக்கவே இல்லை. எனக்கு அப்படி நினைக்கத் தெரியவும் தெரியாது. பாதியை நான் கட்டினேன். காலையில் அவசரமாக ஓடி, மாலையில் களைத்துப்போய், கண்ணாடிகூடப் பார்க்காமல் மடித்துச் செருகிய ஒரு கை கொஞ்சம் செய்தது. மீதியைச் சாயங்காலம் செய்தது. எனக்கு மூச்சு நின்றது. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போதுகூட எனக்கு அப்படி ஆனதில்லை.

அந்த அக்கா சட்டென்று திரும்பினார். "என்ன பாப்பா, தலையில பேன் எதுவும் ஊறுதா?"

"இல்லக்கா. பூ…"

"பூ வேணுமா? கேக்க வேண்டியதுதான. இந்தா." சரத்தைக் கிள்ளப் போனார்.

"அய்யோ, வேணாங்க்கா! கிள்ளாதீக!"

"அட, வெறுந்தலையா நிக்கிற. குடுக்கிற பூவ வேணாங்கக் கூடாது." கிள்ளிவிட்டார். வளையங்கள் அறுந்தன. பாதியை என் பின்னலில் அவரே செருகிவிட்டு, "இப்பப் பாரு, மொகமே மாறிப்போச்சு" என்றார். என் முகம் மாறியது உண்மைதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தப் பூவைத் தொட்டுப் பார்த்தாள். "பச்ச மொட்டா வச்சுக் கட்டியிருக்கா. எவடி இவ, கண்ணக் கழட்டி ஆணியில மாட்டிட்டுக் கட்டுறவ?" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இனித்தான் பயப்படுகிற பகுதி. நேற்று முன்தினம் திருமங்கலத்தில் ஒரு வீட்டில் வளைகாப்பு. பின்னல் முழுக்கச் சுற்றுவதற்கு நீளமாகச் சரம் வேண்டும் என்று பேச்சி அத்தை சொல்லி அனுப்பினார். யாரென்று எனக்குத் தெரியாது. தலைப்பிரசவம் என்று மட்டும் கேள்விப்பட்டேன். அவ்வளவு நீளச் சரம் என் கையில் வந்ததே இல்லை. ஒரு முழத்தில் மூன்று மடிப்பு அப்படி விழுந்தது என்றால், பின்னல் முழுக்கச் சுற்றினால் எப்படி விழும்? வளைகாப்பு அக்காவுக்குத் தெரியாமல் ஒரு பரிசு கொடுப்பதாக நினைத்துக்கொண்டேன். வழக்கத்தைவிடப் பச்சை மொட்டு நிறைய வைத்தேன். மீதி இடத்தில் தாமதமாக விரிகிற மெலிந்த மொட்டுகளை வைத்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாம் திறந்து அந்த வீடே திரும்பிப் பார்க்கும் என்று எண்ணினேன். யாராவது பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அந்த ஒருமுறைதான்.

மத்தியானம் கோடை மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் முழுக்கக் குளிர்ந்த காற்று. வெக்கை இல்லாததால் மெலிந்த மொட்டுகளும் திறக்கவில்லை. அதை நான் கணக்கில் வைக்கவில்லை. வளையல் போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், ஐந்து வகைச் சோறு வைத்தார்கள். அந்த அக்கா தலையில் பூ மூடியபடியே இருந்தது. ராத்திரி விருந்தாளிகள் கிளம்பும்போதும் பாதிக்கு மேல் விரியவில்லை. இன்று பகலில் பேச்சி அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மா உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, அம்மாவைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"ஏய் லட்சுமி, என்னத்தடி கட்டிக் குடுத்த? புள்ளத்தாச்சி தலையில பூ விரியலயாம். மாமியாக்காரி ராவெல்லாம் அழுகையாம். என்ன ஆகுமோ ஏதாகுமோன்னு அந்தப் புள்ளயும் பயந்துபோய்க் கெடக்கு."

"எந்தப் பூவு விரியலக்கா? எங்கையால கட்டுன பூவா?"

"பின்ன என் கையாலயா? ஐஸ் பொட்டியில வச்ச பழைய பூவ வளைகாப்புக்குக் குடுத்துட்டேன்னு கட வாசல்ல வந்து நாறடிச்சுட்டாக. இம்புட்டு வருசத்துல ஒருத்தர் என்னய ஒரு சொல்லு சொன்னதில்ல."

அம்மா எப்படித் திட்டுவாள் என்று சொன்னேன் அல்லவா. அப்போது அவள் திட்டவே இல்லை. வெறும் கையை நீட்டி, "சூடம் அணைக்கிறேன்க்கா. கருப்பசாமி முன்னாடி வந்து அணைக்கிறேன். என் வீட்டுல கட்டுன பூவுல பழைய மொட்டோ பச்ச மொட்டோ இருந்துச்சுன்னா எங்கை வெளங்காமப் போகட்டும்" என்றாள்.

பேச்சி அத்தையின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அதத்தான் அவுகளும் கேக்குறாக. நாளைக்கு வெள்ளிக்கெழம, காலையில வந்துருவாக. அணைச்சிரு. இல்லன்னா ஒனக்கு நான் எப்பிடிப் பூ அனுப்ப?" என்று சொல்லிவிட்டு, "வாரேன்" என்று போனார். நான் அடுப்படியில் நின்றேன். ஒரு அடி எடுத்து வைத்தால் போதும். கால் வரவில்லை.

எனக்கு இரண்டு பயம். முதல் பயம் அந்த வயிற்றுப் பிள்ளைக்காக. மொட்டு ஏன் விரியவில்லை என்று எனக்குத் தெரியும். அது பறித்த நாளும் அன்றைய மழையும்தான் காரணம். அதற்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும், அந்த அக்கா இருட்டில் வயிற்றைத் தடவிக்கொண்டு பயந்து படுத்திருப்பதை நினைத்தால் எனக்கும் படுக்க முடியவில்லை. உன்னை நினைக்க ஆரம்பித்ததே அப்போதுதான். இரண்டாவது பயம் அம்மாவின் கைக்காக. அவள் நம்பிக்கையோடு நீட்டுகிற கை. நான் வாய் திறக்காவிட்டால் அந்தக் கை, அவளுக்கே தெரியாமல், பொய்ச் சத்தியம் செய்யும். வாய் திறந்தால் கூலி போகும், கிளாஸ் போகும், ஊர் பேசும். இரண்டையும் ராத்திரி முழுக்கத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டேன். நாளைக் காலைக்கு முன் சொல்லியாக வேண்டும்.

ஆனால் பிள்ளையே, உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நடந்ததற்கு வருந்துகிறேன். கட்டியதற்கு வருந்த முயன்றேன், முடியவில்லை. கண்ணை மூடினால் ரயில்வே கேட்டில் பார்த்த அந்த வளையங்கள்தான் வருகின்றன. இதுதான் எனக்கு மறந்துவிடும் என்று பயப்படுகிறேன். நாளை இதற்காக அடி வாங்கி, வேலை பறிபோய், நான் வளர்ந்து பெரியவளாகி, ஒருநாள் நீ சோற்றில் கோடு கிழித்துக்கொண்டோ, சுவரில் விழுகிற நிழலோடு விரல்களால் எதையோ செய்துகொண்டோ இருக்கும்போது, "எதுக்கு இது?" என்று கேட்கிறவளாகிவிடுவேனோ? அப்படிக் கேட்டால் இந்தத் தாள்களை என் முகத்துக்கு நேராக நீட்டு. எதற்கும் இல்லை என்பதுதான் அதன் அழகு என்று, பதினாறு வயதில் நானே எழுதியிருக்கிறேன் என்று சொல். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்தோஷம் உன் கையில் இருக்கும்வரை உன்னுடையது. அடுத்தவர் தலையில் வைக்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு. நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வளைகாப்பு அக்கா ஒருவேளை சிரித்துக்கொண்டே வைத்திருப்பார். விரியாவிட்டால் மழையைத் திட்டியிருப்பார்.

குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்கிறது. அம்மா எழுந்துவிட்டாள்.

மீதியை இப்போது எழுதுகிறேன். விடிந்துவிட்டது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு அம்மா பின்னாலேயே தெருக்குழாய்க்குப் போனேன். வேறு யாரும் வரவில்லை. குடத்தை வைத்ததும் சொன்னேன்.

"அம்மா, நீ சூடம் அணைக்க வேணாம்."

"ஏன், கை சுட்டுப்புடுமா? அடுப்புல சுடாததா?"

"பச்ச மொட்டு வச்சது நான்தாம்மா."

"ஒண்ணு ரெண்டு தப்பியிருக்கும். கழிக்கையில எனக்கே தப்பும். அதுக்கா ஊரே விரியலங்குது?"

"தப்பலம்மா. எடுத்து எடுத்து வச்சுக் கட்டுனேன்."

குடம் நிறைந்து வழிந்தது. அம்மா அதை நகர்த்தவில்லை. "எதுக்குடி?" என்றாள். ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எது முதலில் விரியும், எது பிறகு விரியும், பஸ்ஸில் அந்த அக்கா தலையில் என்ன பார்த்தேன், மழை என்ன செய்தது என்று எல்லாமே. ஈரக்கையால் முதுகில் ஒரு அடி விழுந்தது. நன்றாக வலித்தது. "சாமி முன்னாடி என்னயப் பொய்க்காரியாக்கியிருப்பியேடி" என்று அம்மா அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டாவது குடத்தை வைத்தாள். அது பாதி நிறைந்திருக்கும்.

"அந்தப் பொண்ணு மூணா மடிச்சுச்சுன்னியே. மூணு மடிப்புலயும் கோடு எப்பிடிச் சேந்துச்சு?"

"தெரியலம்மா. அதுவாச் சேந்துச்சு."

"அதுவா எப்பிடிச் சேரும்?"

அம்மா முந்தானை நுனியைப் பிடித்து ஒருமுறை மடித்தாள். இன்னொருமுறை மடித்தாள். சேலையில் ஓடிய கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. கொஞ்சம் நகர்த்தி மறுபடி மடித்தாள். குழாயடியில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், என் அம்மா குனிந்து தன் முந்தானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நிறைந்ததும் முந்தானையை உதறிவிட்டு, "கெளம்பு" என்றாள். "கோயிலுக்கு இல்ல. அவுக வர்றதுக்கு முந்தி நாம அந்த வீட்டுக்குப் போயிரணும். நீ பேசு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"பேச்சி அத்த பூவ நிறுத்திருச்சுன்னா?"

"நிறுத்துனா நிறுத்தட்டும். அதுக்குப் பெறகு பாப்போம்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம். வாசலுக்கு வந்ததும் கேட்டேன். "எதுக்குப் பண்ணன்னு கேட்டா என்னம்மா சொல்ல?"

"படிக்கிற புள்ளன்னு என்னத்தையாவது பெருசா அளந்து வைக்காத. ஆசையா இருந்துச்சுன்னு சொல்லு."

"மாமியாக்காரம்மா ஒத்துக்குமா?"

"ஒத்துக்காது. நாலு கேள்வி கேக்கத்தான் செய்யும், கேட்டு வாங்கிக்க. நீ அந்த மாசமா இருக்கவ மொகத்தப் பாத்துச் சொல்லு. மசக்கையில அவ மாங்கா கேட்டப்பவும் சாம்பலக் கேட்டப்பவும் எதுக்குன்னா கேட்டாக? அவளுக்குத் தெரியும்."

அம்மா சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். முதல் பஸ் வரும் நேரம். பயம் அப்படியேதான் இருக்கிறது. போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.